ஃப்ரிட்ஜ் அம்மாக்கள்

ஆணி அதிகமானதால் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. மன்னிச்சுக்கோங்க மக்கா. இன்னிக்கு வழக்கமான மொக்கை இல்லை. மனசுக்குள்ள முள்ளு மாதிரி உறுத்திக்கிட்டே இருக்குற விஷயம் ஒண்ணு, எழுதிட்டா கொஞ்சம் இறங்கும்னு தோணுச்சு. பதிவு நீளம். ஒரு டீயை எடுத்து வெச்சுக்கிட்டு உட்காருங்க.

போன மாசம் ஊர்ல ஒரு காதுகுத்து. பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா, பையனோட வந்திருந்தாங்க. அவனுக்கு அஞ்சு வயசு. ஆட்டிசம்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருஷம் ஆகுது. மண்டபத்துல மேளச்சத்தம் ஏற ஏற, ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு அலற ஆரம்பிச்சுட்டான். அக்கா அவனை அப்படியே அள்ளிக்கிட்டு மண்டபத்துக்குப் பின்னாடி, பாத்திரம் கழுவுற இடத்துக்குப் போயிட்டாங்க.

இங்கே பந்தியில பேச்சு ஆரம்பிச்சுது. "வேலை வேலைன்னு ஓடுனா புள்ளைக்கு எங்கேருந்து பேச்சு வரும்?" "போனைக் கையில குடுத்து வளர்த்தா இப்படித்தான்." "மாசமா இருக்கும்போது ஒரே டென்ஷனாம்ல?" பாயசம் வர்றதுக்குள்ள தீர்ப்பு எழுதியாச்சு. அத்தானைப் பத்தி மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. அவரும் வேலைக்குத்தான் போறார், அவர்கிட்டேயும் போன் இருக்கு!

சாப்பிட்டுக் கை கழுவிட்டு, ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசலாம்னு பின்பக்கம் போனேன். அக்கா அவனை மடியில வெச்சு முதுகைத் தடவிக்கிட்டு இருந்தாங்க. என் வாயிலேர்ந்து வந்தது இதுதான்: "போன் காட்டுறதைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்களேன்க்கா."

அக்கா கோபப்படலை. "அவனுக்கு போனே பிடிக்காதுடா தம்பி. எதிர்ல காட்டினாக்கூட தள்ளி விட்டுருவான்" அப்படின்னாங்க. அவ்ளோதான்.

அன்னிக்கு நைட் பஸ்ல தூக்கம் வரலை. படிச்சவன், கம்ப்யூட்டர்ல நாள் முழுக்கப் பிழை தேடிச் சம்பளம் வாங்குறவன், ஒரு கேள்விகூடக் கேட்காம காரணத்தை எப்படி முடிவு பண்ணினேன்? அப்படித்தான் இந்த ஆட்டிசத்தோட வரலாற்றைத் தேட ஆரம்பிச்சேன். தேடினப்போ ஒண்ணு புரிஞ்சது. "அம்மாதான் காரணம்"ங்கிறது நம்ம ஊர்ப் பந்திப் பேச்சு மட்டும் இல்லை. அமெரிக்காவில் கிட்டத்தட்ட இருபது வருஷம் அதுதான் மருத்துவம்!

33 பக்கக் கடிதம்

கதை மிசிசிப்பி மாநிலத்துல ஃபாரஸ்ட் என்கிற சின்ன ஊரில் தொடங்குகிறது. 1933-ல் அங்கே டொனால்ட் ட்ரிப்லெட் என்று ஒரு பையன் பிறந்தான். அப்பா வக்கீல். அம்மாவின் குடும்பத்துக்கு உள்ளூர் வங்கியில் பங்கு. நல்ல வசதி. பையன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் கேட்ட பாட்டை அப்படியே பாடுவான், வட்டமாக எது கிடைத்தாலும் சுழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். நாலு வயசு ஆவதற்குள், 1937-ல், மருத்துவர்கள் சொன்னபடி அவனை ஒரு காப்பகத்தில் விட்டார்கள். பெற்றோர் அடிக்கடி வந்து பார்க்கக்கூடாது என்பது விதி. ஒரு வருஷம் தாங்கினார்கள். அங்கே பையன் இன்னும் சுருங்கித்தான் போனான். "எங்க புள்ளையை நாங்களே பார்த்துக்கறோம்" என்று 1938-ல் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள்.

அதே வருஷம் அப்பா உட்கார்ந்து, தன் மகனைப் பற்றி 33 பக்கத்துக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்லி டைப் அடிக்க வைத்தார். என்ன சாப்பிடுவான், எப்போ சிரிப்பான், எதற்கு அழுவான், எல்லாம். அதை பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கேனருக்கு அனுப்பினார். அமெரிக்காவில் குழந்தைகள் மனநல மருத்துவத்துக்கே அஸ்திவாரம் போட்ட ஆள் அவர்.

1943-ல் கேனர் தன் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். 11 குழந்தைகள், 8 பையன்கள், 3 பெண்கள். முதல் குழந்தை டொனால்ட். ஆட்டிசம் என்ற சொல் 1911-லேயே சுவிஸ் மருத்துவர் ப்ளாய்லர் மனச்சிதைவு நோயாளிகள் பற்றிய நூலில் பயன்படுத்தியதுதான். இந்தக் குழந்தைகளுக்கு இருப்பது தனியான ஒரு நிலை என்று காட்டியவர் கேனர். இது பிறவியிலேயே வருவது என்றுதான் கட்டுரையை முடிக்கிறார். அதோட நிறுத்தியிருந்தா பிரச்சினை இல்லை. ஆனா பெற்றோரைப் பற்றியும் சில வரிகள் எழுதினார். ரொம்பப் படித்தவர்கள், வேலையிலேயே மூழ்கியவர்கள், உண்மையான பாசம் உள்ளவர்கள் சிலபேர்தான் என்கிற மாதிரி. அந்த 33 பக்கக் கடிதம்? அவ்வளவு விவரமாக எழுதியதே பெற்றோரின் அதீத வெறித்தனத்துக்கு ஒரு சான்று என்று எழுதிவிட்டார்!

இங்கே நான் கொஞ்ச நேரம் திரையையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தேன். புள்ளையைப் புரிஞ்சுக்கணும்னு ஒரு அப்பா எழுதின கடிதம். அந்தத் தகவல் இல்லேன்னா டொனால்டைப் பத்தி கேனருக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? வாங்கின கையோட அதையே குற்றச்சாட்டாத் திருப்பிட்டார். எழுதலைன்னா அக்கறை இல்லை, எழுதினா வெறி. என்ன செஞ்சாலும் குத்தம்.

கணக்கில் விழுந்த ஓட்டை

கேனர் பார்த்த பெற்றோர் எல்லாரும் படித்தவர்களாக இருந்தது எப்படி? நம்ம துறை ஆளுங்களுக்கு இது சட்டுன்னு புரியும். 1940-களில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பால்டிமோரில் இருக்கும் பெரிய நிபுணர்கிட்டே யார் போக முடியும்? பணம் இருக்கிறவர், படித்தவர், கடிதம் எழுதத் தெரிந்தவர். ஏழை வீட்டுக் குழந்தைக்கு 'மந்தபுத்தி' என்று பெயர் வைத்து ஏதாவது காப்பகத்தில் போட்டுவிடுவார்கள். வாசலில் வந்து நின்றவர்களை மட்டும் எண்ணிவிட்டு, உலகமே இப்படித்தான் என்று சொன்ன கணக்கு அது.

அந்தத் தப்பு எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? 2002-ல் வெளிவந்த 'ரெஃப்ரிஜரேட்டர் மதர்ஸ்' என்ற ஆவணப்படத்தில் ஒரு கறுப்பினத் தாய் பேசுகிறார். உன் பையனுக்கு ஆட்டிசம் இருக்க வாய்ப்பில்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டதாம். காரணம், அது படித்த வெள்ளைக்கார வீடுகளில்தான் வரும்! வெள்ளைக்கார அம்மாவுக்குப் பழி கிடைத்தது. இவருக்கு நோயின் பெயர்கூடக் கிடைக்கவில்லை.

'ஃப்ரிட்ஜ்' எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்பீங்க. 1949-ல் கேனர் எழுதிய இன்னொரு கட்டுரையில், இந்தக் குழந்தைகளைப் பனி உருகவே உருகாத ஃப்ரிட்ஜுக்குள் அழகாக அடுக்கி வைத்த மாதிரி என்றார். அதற்கு முந்தின வருஷமே டைம் பத்திரிகை, உறைந்துபோன குழந்தைகள் என்கிற மாதிரி தலைப்புப் போட்டுச் செய்தி வெளியிட்டிருந்தது. அப்புறம் என்ன... ஃப்ரிட்ஜ் அம்மா என்ற பேரு நிலைச்சுப் போச்சு. கவனிங்க, ஃப்ரிட்ஜ் அப்பா இல்லை. நம்ம பந்தியில அத்தான் தப்பிச்ச மாதிரியேதான்.

கோட்டையும் முற்றுகையும்

இந்தப் பழியை ஊரெல்லாம் கொண்டுபோனவர் ப்ரூனோ பெட்டல்ஹெய்ம். வியன்னாக்காரர், யூதர். 1938-39-ல் டாக்காவ், புகென்வால்ட் என்ற இரண்டு நாஜி வதைமுகாம்களில் கிடந்து, விடுதலையாகி அமெரிக்கா வந்தவர். 1944-லிருந்து 1973 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தின் சிறப்புப் பள்ளி ஒன்றுக்குத் தலைவர். 1967-ல் 'வெறுங்கோட்டை' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். குழந்தை ஏன் தனக்குள் சுருங்குகிறது? வதைமுகாம் கைதி ஏன் சுருங்கினானோ அதேபோலத்தான் என்றார். அப்படியானால் முகாம் காவலாளி யார்? அம்மா! இந்தக் குழந்தை இல்லாமலே இருந்திருக்கலாம் என்று பெற்றோர் உள்ளுக்குள் நினைப்பதுதான் ஆட்டிசத்தைத் தூண்டிவிடுகிறது என்று எழுதினார்.

பத்திரிகைகள் கொண்டாடின. வைத்தியம் என்னவென்றால் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்ப்பது. அம்மாவை உட்கார வைத்து, வாரா வாரம், வருஷக் கணக்கில், "உன் பிள்ளையை ஏன் வெறுத்தாய்" என்று தோண்டுவது. ராத்திரி முழுக்கத் தூங்காத குழந்தையோட மல்லுக்கட்டிட்டு, காலையில அங்கே போய் தான் செய்யாத கொலையை ஒப்புக்கணும். ஒப்புக்கலைன்னா, 'மறுக்கிறாள், அதனால நோய் ஆழமா இருக்கு' என்பார்கள்.

எனக்குப் புரிஞ்சவரைக்கும் மிகப் பெரிய பிழை இதுதான். கூப்பிட்டால் திரும்பாத, தூக்கினால் விறைத்துக்கொள்ளும் குழந்தையை மூணு நாலு வருஷம் வளர்த்து, தூக்கம் இழந்து, சொந்தக்காரர்களின் பேச்சு வாங்கி, அதற்கு அப்புறம்தான் ஒரு தாய் டாக்டர் முன்னால் வந்து உட்காருகிறாள். அவள் முகம் எப்படி இருக்கும்? களைத்து, இறுகி, கண்ணீர்கூட வற்றிப்போய்த்தான் இருக்கும். அந்த இறுக்கத்தைப் பார்த்து, 'இதனால்தான் பிள்ளை இப்படி' என்றார்கள். விளைவைப் பிடிச்சுக் காரணம்னு பேர் வெச்சுட்டாங்க.

பெட்டல்ஹெய்ம் 1990-ல் தற்கொலை செய்துகொண்டார். அதற்குப் பிறகு அவருடைய பள்ளியில் படித்த சிலர், பிள்ளைகளை அவர் அடித்ததாகச் சொன்னார்கள். அவருடைய முனைவர் பட்டம் உளவியலில் வாங்கியது இல்லை, தத்துவத்தில் வாங்கியது என்பதும் வெளியே வந்தது. ஆனா அதுக்குள்ள ஒரு தலைமுறை அம்மாக்கள் தண்டனையை அனுபவிச்சு முடிச்சாச்சு.

வேடிக்கை என்னவென்றால், அதே 1967-ல் இன்னொரு புத்தகமும் வந்தது. எழுதியவர் டாக்டர் இல்லை, க்ளாரா க்ளைபோர்ன் பார்க் என்ற ஆங்கில ஆசிரியை. நாலு குழந்தைகளுக்கு அம்மா, கடைசிப் பெண்ணுக்கு ஆட்டிசம். தலைப்பு 'முற்றுகை' என்று பொருள்படும். கோட்டைக்குள் இருக்கும் மகளிடம் எப்படி அங்குலம் அங்குலமாக நெருங்கினார் என்ற கதை. அவர் சொன்ன கோட்டையும் அதேதான், ஆனால் இவர் வெளியே விரட்டியவர் இல்லை, உள்ளே நுழையக் காத்துக் கிடந்தவர். மற்ற மூன்று குழந்தைகளையும் அதே கையால்தான் வளர்த்தார். பிற்காலத்தில் அந்த மகள் ஓவியராக அறியப்பட்டார்.

பெற்றோர் எழுதிய பதில்

ஆனால் முதல் அடி 1964-லேயே விழுந்துவிட்டது. அடித்தவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த உளவியலாளர். 1956-ல் பிறந்த மகன் மார்க், ஓயாமல் அழுதான், யாரையும் பார்க்கவில்லை. இவர் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், ஆனா இவருக்கே ஆட்டிசம் என்ற சொல் தெரியாது. மனைவிக்குத்தான் கல்லூரிப் பாடப்புத்தகத்தில் எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது. பழைய பெட்டியைக் கிளறி அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினார்.

மனுஷன் அதுக்கப்புறம் சும்மா இருக்கலை. கிடைத்த நேரமெல்லாம் நூலகம் நூலகமாகப் போய், இந்தத் துறையில் வந்த கட்டுரைகளைத் தேடித்தேடிப் படித்தார். தாய்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று தேடினார். எங்கேயும் இல்லை! ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மேற்கோள் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். பதிலுக்குத் தன் வாதங்களை அடுக்கினார். இந்தக் குழந்தைகள் பிறந்ததிலிருந்தே வித்தியாசமாக இருக்கிறார்கள். கூடப்பிறந்தவர்கள் பெரும்பாலும் சாதாரணமாக இருக்கிறார்கள். பெண்களைவிடப் பையன்களுக்கு மூணு நாலு மடங்கு அதிகம் வருகிறது. ஒரே மாதிரி இரட்டையர்களில் இருவருக்கும் வருகிறது. ஃப்ரிட்ஜ் அம்மா இதையெல்லாம் எப்படிச் செய்வாள்?

அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதியது யார் தெரியுமா? சாட்சாத் லியோ கேனரேதான். புத்தகத்தின் கடைசியில் ஒரு கேள்விப் பட்டியல் இருந்தது. நாடு முழுக்க இருந்த பெற்றோர் அதை நிரப்பி ரிம்லாண்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். தனித்தனி வீட்டுக்குள் தனித்தனியாகக் குற்றவாளியாக உட்கார்ந்திருந்தவர்கள், முதல்முறையாக ஒருத்தருக்கு ஒருத்தர் தெரிய வந்தார்கள். 1965-ல் நியூ ஜெர்சியில் கூடி ஒரு தேசிய சங்கம் தொடங்கினார்கள். ஏழு பிள்ளைகளின் தாயான ரூத் சல்லிவன் அதன் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். பிரிட்டனில் இதற்கும் முன்னாலேயே, 1962-ல், பெற்றோர் சங்கம் உருவாகிவிட்டது. அதில் இருந்த லோர்னா விங் மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள மகளுக்குத் தாயும்கூட.

1969-ல் அந்த அமெரிக்கச் சங்கத்தின் கூட்டம் வாஷிங்டனில் நடந்தது. மேடையில் கேனர். தான் சொன்னதைத் திரித்துவிட்டார்கள், இது பிறவியிலேயே வருவது என்றுதான் முதலிலிருந்தே சொன்னேன் என்றார். பெட்டல்ஹெய்மின் கோட்டைப் புத்தகத்தை வெறும் புத்தகம் என்று கிண்டல் அடித்தார். கடைசியாக, பெற்றோர்களாகிய உங்களை இன்று விடுவிக்கிறேன் என்றார்.

மன்னிப்புக் கேட்கலை, விடுதலை கொடுத்தார். குற்றம் செய்யாதவனுக்கு எதுக்குய்யா விடுதலைன்னு நமக்குத் தோணும். ஆனால் அந்த அரங்கில் இருந்தவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய பாரத்தை இறக்கியிருக்கும்!

அறிவியல் ஆதாரம் 1977-ல் வந்தது. சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் இருவரும் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்கும் ஆட்டிசம். வெவ்வேறு கருவில் உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. 2019-ல் 5 நாடுகளைச் சேர்ந்த 20 லட்சம் குழந்தைகளின் தரவுகளை வைத்து வந்த ஆய்வு, ஆட்டிசம் வருவதில் சுமார் 80 சதவீதம் மரபணுக்களின் பங்கு என்றது. மீதிக்கும் 'அம்மா பாசமில்லை' என்பது பதில் இல்லை.

பழி சட்டையை மாத்திக்கும்

இத்தோட சுபம் போட்டுடலாம்னு பார்த்தா, முடியலை. 1998-ல் லான்செட் இதழில் வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர், 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டார். அது மோசடி என்று தெரிந்து 2010-ல் லான்செட் அதைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவப் பதிவும் பறிபோனது. ஆனால் அதற்குள் எத்தனை தாய்மார், "நான்தானே ஊசி போடக் கூட்டிட்டுப் போனேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருப்பார்கள்! இதில் ஒரு வருத்தம், நம்ம ஹீரோ ரிம்லாண்டும் கடைசிக் காலத்தில் தடுப்பூசிக் கட்சியில்தான் இருந்தார். நல்லது செய்தவர் எல்லாத்திலேயும் சரியா இருக்கணும்னு இல்லை.

ஃப்ரிட்ஜ் போச்சு, ஊசி வந்துச்சு. ஊசி போச்சு, போன் வந்துச்சு. பொருள்தான் மாறுது, கை காட்டுற திசை மாறலை.

பெற்றோரின் பாரம் கற்பனை இல்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆட்டிசம் உள்ள வளர்ந்த பிள்ளைகளின் தாய்மார்களிடம் கார்டிசால் என்ற ஹார்மோனை அளந்து 2010-ல் வெளியிட்டார்கள். மற்ற தாய்மார்களைவிட அளவு குறைவாக இருந்தது. டென்ஷன்னா கூடத்தானே செய்யணும்னு நானும் நினைச்சேன். கொஞ்ச நாள் அழுத்தத்தில் கூடும். வருஷக் கணக்கில் ஓயாமல் அழுத்தினால், உடம்பு சளைத்துப்போய்க் குறைத்துவிடுமாம். எப்பவும் அடிச்சுக்கிட்டே இருக்குற அலாரத்தை ஒரு கட்டத்துல நாமளே ஆஃப் பண்ணிடுவோமே, அந்த மாதிரி.

இந்தச் சுமையில் பாதி, தூக்கம், பணம், பள்ளிக்கூடம், 'எனக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பா' என்ற பயம். இதற்குச் சட்டமும் வசதியும் வேணும். அமெரிக்காவில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் உண்டு என்ற 1975-ம் வருஷச் சட்டத்துக்குப் பின்னால் ரூத் சல்லிவன் போன்ற பெற்றோரின் உழைப்பு இருந்தது. நம்ம நாட்டிலும் 1991-ல் டெல்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கிய மெரி பரூவா ஒரு தாய்தான். 1995-ம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே கிடையாது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது, 2016 சட்டத்தில் முழு அங்கீகாரம் கிடைத்தது.

இன்னொரு பாதி, சுத்தி இருக்குறவங்க வாய். அதுக்குச் சட்டம் வேண்டாம், செலவும் இல்லை. நாம சும்மா இருந்தாலே போதும்.

டொனால்ட் என்ன ஆனார் என்று சொல்லவில்லையே. கொஞ்ச காலம் ஊருக்கு வெளியே ஒரு விவசாயத் தம்பதியிடம் வளர்ந்தார். எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பார். சோளக்கொல்லை வரிசையை எண்ணிக்கிட்டே ஏர் ஓட்டுடான்னு விட்டுட்டாங்க அந்தப் புண்ணியவான்கள்! 1958-ல் பட்டம் வாங்கினார், ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், உலகம் சுற்றினார். 2023 ஜூன் மாதம் 89 வயதில் இறந்தார். காசும் வங்கியும் இருந்த குடும்பம், எல்லாருக்கும் இது வாய்க்காது. ஆனால் அந்த ஊர் அவரை அவராகவே விட்டது. அதுக்குக் காசு தேவையில்லையே.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு போன் பண்ணினேன். மன்னிப்புக் கேட்கலாம்னு ஒத்திகையெல்லாம் பார்த்து வெச்சிருந்தேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்புக்கா"ன்னு ஆரம்பிச்சேன். "எதைடா?"ன்னாங்க. நிஜமாவே ஞாபகம் இல்லை. அத்தனை பேர் சொன்னதுல நான் சொன்னது எங்கே தனியா நிக்கப்போகுது? அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

அடுத்த முறை ஊருக்குப் போறப்போ ரெண்டு மணி நேரம் பையனை என்கிட்டே விடச் சொல்லிக் கேட்டிருக்கேன். அவனுக்கு ரயில் பிடிக்குமாம். ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார்ந்து வண்டி பார்க்கணும், பேச்சுக் கொடுக்கக்கூடாது, ஹாரன் அடிச்சா காதைப் பொத்த உதவணும். விதிமுறை எல்லாம் அக்கா சொல்லிட்டாங்க. அந்த ரெண்டு மணி நேரத்துல என்ன பண்ணுவீங்கக்கான்னு கேட்டேன்.

"தூங்குவேன்டா"ன்னாங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். குழந்தையின் வளர்ச்சியில் சந்தேகம் இருந்தா குழந்தைகள் நல மருத்துவரைச் சீக்கிரமாப் பாருங்க. பந்தியில பக்கத்துல உட்கார்ந்திருக்குறவர்கிட்டே கேட்காதீங்க. :-)